பார்க்கலாம் என்பவர்களுக்கும் வரி உண்டு

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து குடும்பத்தோடு கோவைக்கு வந்து சேர்கிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தைப் பற்றி. அடுத்து, எந்தப் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்பதைப் பற்றி. வரியைப் பற்றி விசாரிப்பது இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு கடிதம் வந்த பிறகு. அந்தக் கடிதம் அதிகம் பேசாது. இன்ன ஆண்டுக்கு நீங்கள் மாநில வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததாகத் தெரியவில்லை, தாக்கல் செய்யுங்கள், தேவையில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

“அண்ணா, நாட்டையே விட்டு வந்தாயிற்று. இன்னும் மாநிலத்துக்கு எதற்கு வரி?” என்று அண்மையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு. நான் கணக்காளன் இல்லை, பொறியாளன். சட்டப் புத்தகம் படிப்பதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு, அவ்வளவுதான். உங்கள் கணக்கை இரு நாட்டு வரியும் அறிந்த ஒரு சி.பி.ஏ.யிடம், அதாவது உரிமம் பெற்ற அமெரிக்கக் கணக்காளரிடம், காட்டிவிடுங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவில் வருமான வரி இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு கூட்டாட்சி அரசுடையது. குடியுரிமை பெற்றவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மெக்சிகோவில் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் குடிமகன் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், குடியுரிமை ஒன்றே போதும், வரி போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1924இல் சொல்லிவிட்டது. இந்த அடுக்கு நம்மவர்களுக்குப் பழகிப்போனது. வெளிநாட்டில் உழைத்து ஈட்டும் சம்பளத்தில் 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். தொடர்ந்து வரும் 12 மாதங்களில் 330 முழு நாள்கள் வெளிநாட்டில் இருந்தால் போதும். அல்லது இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். இந்தியாவில் 30 சதவீத அடுக்கில் வரி கட்டுகிறவருக்குக் கூட்டாட்சி வரி பெரும்பாலும் பூஜ்யத்தில் வந்து நிற்கும். அதோடு எல்லாம் முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறோம்.

கீழ் அடுக்கு மாநிலத்துடையது. அதற்குக் குடியுரிமை ஒரு பொருட்டே இல்லை. கலிஃபோர்னியாவின் வருவாய்ச் சட்டம் ‘வசிப்பவர்’ என்று இரண்டு வகையினரைச் சொல்கிறது. தற்காலிகக் காரணத்துக்காக அல்லாமல் மாநிலத்துக்குள் இருப்பவர் ஒரு வகை. மாநிலத்தைத் தன் டொமிசைலாகக் கொண்டு, தற்காலிகக் காரணத்துக்காக வெளியே போயிருப்பவர் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் கோவையிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது. டொமிசைல் என்பது ஒருவருடைய உண்மையான, நிலையான வீடு. எங்கே போனாலும் திரும்பி வரும் எண்ணம் எந்த இடத்தின்மீது இருக்கிறதோ அந்த இடம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். புதியது ஒன்று அமையும்வரை பழையது விடாது. விமானம் ஏறிவிட்டதால் அது அறுந்துவிடுவதில்லை. இன்னோர் இடத்தில் போய்ச் சேர்ந்து, இனி இதுதான் என்று நிலைகொண்டால்தான் அறும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு முடிவோடு வருகிறோம்? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் வந்தேன். எவ்வளவு காலம் என்று கேட்டவர்களிடம் எல்லாம் “பார்க்கலாம்” என்றேன். அது பொய்யில்லை, எனக்கே தெரியாது. என்னைப் போன்றவர்கள் ஊரில் நிறையப் பேர். பே ஏரியாவில் இருக்கும் சன்னிவேல் வீட்டை விற்க மனம் வராது, திரும்பிப் போக நேர்ந்தால் அந்த விலைக்கு வாங்க முடியாது என்பதால். கேரேஜில் மூட்டை கட்டிய சாமான் அப்படியே இருக்கும். பிள்ளைகள் கல்லூரிக்கு அங்கே போகட்டும் என்று ஒரு கணக்கு. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடியட்டும் என்று இன்னொரு கணக்கு. மனிதர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் கலிஃபோர்னியா சட்டத்தின் கண்ணில், முடிவெடுக்காதவர் கலிஃபோர்னியாக்காரர். தற்காலிகம் என்று நீங்கள் உங்கள் மனைவிக்குச் சொல்லும் ஆறுதலே அங்கே வாக்குமூலம்.

அதற்கு விலை என்ன? தனி ஆளாகக் கணக்குக் காட்டும் ஒருவருக்கு இந்தியாவில் 1,00,000 டாலருக்கு நிகரான சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டாட்சிக் கணக்கில் விலக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. கலிஃபோர்னியா அந்த விலக்கை ஏற்பதில்லை. இந்தியாவில் கட்டிய வரியையும் கழிக்க விடாது. இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 1989இல் கையெழுத்தானது. அது வாஷிங்டனைத்தான் கட்டுப்படுத்தும், கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவை இல்லை. ஆக, வசிப்பவர் என்று முடிவானால் இந்தியாவுக்குக் கட்டியதற்கு மேலே ஏறத்தாழ 5,000 டாலர் கலிஃபோர்னியாவுக்கு. இன்றைய அளவில் சுமார் 70,000 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலரிலும் 9.3 காசு. ஆண்டுதோறும். அதற்கு மேல் தாமதக் கட்டணமும் வட்டியும். இன்னொன்றும் உண்டு: தாக்கல் செய்த கணக்கைத் திரும்பத் திறக்க மாநிலத்துக்குப் பொதுவாக நான்கு ஆண்டுக் கெடு. தாக்கலே செய்யாவிட்டால் கெடு கிடையாது. பத்து ஆண்டு கழித்தும் கேட்கலாம்.

எண்ணத்தை எப்படி அளப்பார்கள்? மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் காகிதத்தைப் பார்ப்பார்கள். 2003இல் பிராக் என்பவரின் மேல்முறையீட்டில் கலிஃபோர்னியாவின் வரி மேல்முறையீட்டு வாரியம் ஒரு நீளமான பட்டியலே போட்டது. வீடுகள் எங்கே, எவ்வளவு பெரியவை. மனைவி மக்கள் எங்கே. பிள்ளைகள் எந்தப் பள்ளியில். எந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமம். கார் எங்கே பதிவாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு எங்கே, பணம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது. தொலைபேசி அழைப்புகள் எங்கிருந்து போகின்றன. மருத்துவர், பல் மருத்துவர், வக்கீல் யார். எந்தச் சங்கத்தில் உறுப்பினர். இன்னும் போகிறது. எதுவும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, எந்த இடத்தோடு நெருக்கம் அதிகம் என்று நிறுத்துப் பார்ப்பார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது வீட்டு உரிமையாளர் சலுகை. கலிஃபோர்னியாவில் சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்குச் சொத்து வரி மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. வரி சுமார் ஒரு சதவீதம். ஆக ஆண்டுக்கு 70 டாலர் மிச்சம். சரவணபவனில் நான்கு பேர் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் தொகை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதை ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது. நீங்கள் கோவையில் ஆர்.எஸ்.புரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கலிஃபோர்னியாக்காரன் இல்லை என்று வாதாடும்போது, மாவட்ட அலுவலகத்தில் அது உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

வழக்குகளைப் படித்தால் பெரும் பணக்காரர்களின் கதைகளாகவே இருக்கும். கில்பர்ட் ஹயாட் என்ற கண்டுபிடிப்பாளர் நுண்செயலிக் காப்புரிமையில் பெரும் பணம் வரும் தறுவாயில், 1991 இலையுதிர்காலத்தில் கலிஃபோர்னியாவை விட்டு லாஸ் வேகாஸ் போய்விட்டதாகச் சொன்னார். நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. இல்லை, நீங்கள் போனது 1992 ஏப்ரலில்தான் என்றது கலிஃபோர்னியா. சில மாத வித்தியாசம், பல மில்லியன் டாலர். தன் தபாலைத் துருவினார்கள், குப்பையைக் கிளறினார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். அந்தச் சண்டை 2003, 2016, 2019 என்று மூன்று முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் போய் வந்தது. வரித் தகராறில் 2017இல் மாநில வாரியம் பெரும்பாலும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அதற்குள் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. நம்மால் அப்படி வழக்காட முடியுமா? ஐந்தாயிரம் டாலருக்கு வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே பத்தாயிரம் ஆகும். கட்டிவிட்டுப் போவோம். சாதாரண ஆட்களின் வழக்குகள் ஏட்டில் அதிகம் இல்லாததற்குக் காரணம் அவர்கள் பக்கம் நியாயம் இல்லாதது அல்ல.

நியூயார்க்கில் ஒரு நாயின் கதை உண்டு. கிரெகரி பிளாட் என்பவர் மேட்ச் டாட் காம் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்று 2009இல் டல்லாஸ் போனார். மன்ஹாட்டன் வீட்டை விற்கவில்லை. அதனால் அவர் இன்னும் நியூயார்க்காரர்தான் என்றது மாநிலம். 2017இல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது எடைபோட்டவற்றில் ஒன்று, அவர் தன் வயதான நாயை டல்லாஸுக்குக் கொண்டுபோனது. மனத்துக்கு நெருக்கமான பொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வீடு என்பது நியூயார்க்கின் அளவுகோல்களில் ஒன்று. வாசித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டு வெண்கலக் குத்துவிளக்கு சன்னிவேலுக்குப் போய்க் கோவைக்குத் திரும்பியதற்கான சரக்குக் கப்பல் ரசீதை என் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறாள். அதை விளக்குக்காக வைத்தாளே தவிர வரிக்காக இல்லை. ஆனால் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

இவ்வளவு மூடுபனிக்கு நடுவே கலிஃபோர்னியா ஒரே ஓர் உறுதியான வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வேலை ஒப்பந்தத்தின் பேரில் தொடர்ந்து குறைந்தது 546 நாள்கள் மாநிலத்துக்கு வெளியே இருந்தால், டொமிசைல் எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்துக்கு நீங்கள் வசிப்பவர் இல்லை. ஒன்றரை ஆண்டுக்கு ஓரிரு நாள் குறைவு. கூடவே வரும் கணவன் அல்லது மனைவிக்கும் இது பொருந்தும். நடுவில் போய் வரலாம், ஆனால் ஒரு வரி ஆண்டில் மொத்தம் 45 நாளைத் தாண்டக் கூடாது. வட்டி, ஈவுத்தொகை, பங்கு லாபம் போன்ற வருமானம் ஏதாவது ஓர் ஆண்டில் 2,00,000 டாலருக்கு மேல் போனால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வரியைத் தவிர்ப்பதுதான் போனதன் முதன்மை நோக்கம் என்றாலும் இல்லை.

நான் இந்த வாசல் வழியாகத்தான் வந்தேன். வேலையை விட்டுவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். நிறுவனம் தன் இந்தியக் கிளையில் எழுத்துமூல ஒப்பந்தம் தந்தது. அதைத் தந்த மேலாளருக்கு அப்பாவின் உடல்நிலை தெரியும், வரிச் சட்டம் தெரியாது. தெரியாமலே அவர் செய்த உதவி பெரிது. ஆனால் இந்த விதியைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. நிறுவனம் அனுப்பி வைக்கிறவருக்கு 546 நாளில் விடுதலை. வேலையை உதறிவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு அந்த வாசல் இல்லை. அவர் சேமிப்பிலிருந்து வரும் வட்டிக்கும், சென்னையில் பகுதிநேரமாகப் பாடம் நடத்திச் சம்பாதிப்பதற்கும், அந்த நீளமான பட்டியலை வைத்துத்தான் வாதாட வேண்டும். உத்தரவுக்குப் போகிறவரை நம்பும் சட்டம், கடமைக்குப் போகிறவரைச் சந்தேகிக்கிறது. இதை எழுதியவர்கள் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்களையும் வங்கி அதிகாரிகளையும் மனத்தில் வைத்து எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்த ஒரு விஷயத்தில் நியூயார்க் மேல். அங்கேயும் 548 நாள் விதி ஒன்று இருக்கிறது, வேலை ஒப்பந்தம் எல்லாம் கேட்பதில்லை. அந்த 548 நாளில் 450 நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும். நியூயார்க்கில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே வீடு இருந்தால் மனைவியும் சிறு பிள்ளைகளும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் உடைந்த மாதங்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. எதற்காகப் போனாய் என்ற கேள்வியே இல்லை. எண்ணினால் போதும்.

மற்ற மாநிலங்களைப் பற்றிச் சுருக்கமாக. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் சம்பள விலக்கை ஏற்காதவை. வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவும் தராதவை. பென்சில்வேனியா முன்பு தந்துகொண்டிருந்தது, 2014 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் இரண்டிலும் வெளியேறும் வழி தெளிவாக இருக்கிறது: மாநிலத்தில் நிலையான வீடு இருக்கக் கூடாது, வெளியே நிலையான வீடு இருக்க வேண்டும், ஆண்டில் 30 நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. நியூ ஜெர்சியின் எடிசனில் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். விர்ஜீனியா டொமிசைலை எளிதில் விடாது என்று பெயர் எடுத்தது, ஆனால் கூட்டாட்சிக் கணக்கிலிருந்தே தன் கணக்கைத் தொடங்குவதால் சம்பள விலக்கு தானாகவே வந்துவிடும். அங்கே பிடித்துவைக்கப்பட்டாலும் பெரிதாக வலிக்காது. டெக்சாஸ், ஃபுளோரிடா, நெவாடா போன்றவற்றில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. டல்லாஸிலிருந்து வந்தவர்கள் இந்தப் பதிவை இவ்வளவு தூரம் படித்திருந்தால் அது வெறும் வேடிக்கைக்காகத்தான்.

இதிலிருந்துதான் ஒரு குறுக்கு வழி பிறந்தது. இந்தியா போகும் முன் டெக்சாஸில் ஓர் அறையை வாடகைக்கு எடு, ஓட்டுநர் உரிமத்தை மாற்று, ஓட்டுரிமையைப் பதிவு செய், பிறகு அங்கிருந்து விமானம் ஏறு என்பது. சவுத் டகோட்டாவில் இன்னும் சுலபம். ஒரு தபால் பெட்டி முகவரியும் ஓர் இரவு தங்கிய ரசீதும் இருந்தால் உரிமம் தந்துவிடுவார்கள். வாழ்நாள் முழுவதும் வண்டி வீட்டில் ஊர் சுற்றும் ஓய்வுபெற்றவர்களுக்கு அது உகந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவருக்கு அது எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டொமிசைல் மாற வேண்டுமானால் அங்கே போய் இருக்கவும் வேண்டும், அங்கேயே இருந்துவிடும் எண்ணமும் வேண்டும். மூன்றாவது வாரம் கோவைக்கு டிக்கெட் எடுத்து வைத்துவிட்டு டெக்சாஸ்தான் என் நிலையான வீடு என்று சொன்னால் எந்த ஆய்வாளர் நம்புவார்? இந்தியா போகிறவருக்கு இந்தியாவில் வேர்விட்டதற்கான சான்றுகள்தான் வலுவானவை: நீண்ட கால வாடகை ஒப்பந்தம் அல்லது வாங்கிய வீடு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, இந்தியாவில் வசிப்பவராகத் தாக்கல் செய்த வரிக் கணக்கு, இங்கேயே எடுத்த மருத்துவக் காப்பீடு.

ஓட்டுப் போடலாமா என்று பலரும் பயப்படுகிறார்கள். போடலாம். வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கான 1986ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், அதன்கீழ் வாக்களிப்பது எந்த வரிக்காகவும் உங்கள் வசிப்பிடத்தைப் பாதிக்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குடியரசுத் தலைவர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆளுநர் தேர்தலுக்கும் நகர மன்றத்துக்கும் ஆசைப்பட்டால், நான் இந்த ஊர்க்காரன் என்று நீங்களே சொன்னதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

இனி, குடும்பம் அங்கே, கணவர் இங்கே என்ற ஏற்பாடு. மகள் பதினோராம் வகுப்பு, நடுவில் பள்ளி மாற்ற முடியாது, நான் மட்டும் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வருகிறவர்கள். பட்டியலில் மிகக் கனமான எடைக்கல் மனைவியும் பிள்ளையும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருப்பதுதான். மற்ற எல்லாவற்றையும் மாற்றினாலும் தராசு அந்தப் பக்கமே சாயும். வேலை ஒப்பந்தம் இருந்து 546 நாள் விதியில் தப்பினாலும் கதை முடிவதில்லை. அந்த விதி வசிப்பவர் என்ற நிலையைத்தான் நீக்குகிறது, டொமிசைலை மாற்றுவதில்லை. கலிஃபோர்னியாவில் தம்பதியரின் சம்பாத்தியம் இருவருக்கும் சரிபாதி என்பது சட்டம். ஆக, டொமிசைல் அங்கேயே இருக்கும்வரை கணவரின் கோவைச் சம்பளத்தில் பாதி, ஃப்ரீமாண்டில் வசிக்கும் மனைவியின் வருமானம். அதற்கு வரி உண்டு. இதைச் சொன்னபோது ஒரு நண்பர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “சம்பளத்தில் பாதி அவளுக்கு என்று இத்தனை ஆண்டுகளாக அவளே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்” என்றார்.

முழுதாக வெளியேறிவிட்டவர்களையும் மாநிலம் முழுதாக விட்டுவிடுவதில்லை. கலிஃபோர்னியாவில் விளையும் வருமானத்துக்கு யாராக இருந்தாலும் அங்கே வரி. வாடகை வீடு அதில் முதலாவது. ஆண்டுக்கு 1,500 டாலருக்கு மேல் வாடகை வந்தால், வெளியாருக்கு அனுப்பும் பணத்தில் 7 சதவீதத்தை வீட்டை நிர்வகிப்பவரே பிடித்துக் கட்ட வேண்டும். விற்றால் விற்பனை விலையில் 3.33 சதவீதம் பிடித்தம். கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். சம்பளம் அப்படி இல்லை. கோவையில் உட்கார்ந்து கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு வேலை செய்தாலும், வசிப்பவர் அல்லாதவருக்கு உழைப்பு நடந்த இடம்தான் கணக்கு. நியூயார்க் இதில் கறார். அங்கிருக்கும் நிறுவனத்தின் தேவைக்காக அல்லாமல் உங்கள் வசதிக்காக வெளியிலிருந்து வேலை செய்தால் அதை நியூயார்க்கில் செய்த வேலையாகவே கணக்கிடும்.

கணினித் துறையினர் தடுக்கி விழுவது ஆர்எஸ்யூ பங்குகளில், அதாவது நிறுவனம் ஊதியத்தோடு தருவதாகச் சொல்லிச் சில ஆண்டு கழித்துக் கையில் கொடுக்கும் பங்குகளில். 2022 ஜனவரியில் தரப்பட்ட பங்கு 2026 ஜனவரியில் கைக்கு வருகிறது. முதல் மூன்று ஆண்டு சன்னிவேலில், கடைசி ஆண்டு கோவையில் வேலை என்றால், அந்த வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கலிஃபோர்னியாவில் விளைந்தது. பங்கு கைக்கு வரும் நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது பேச்சே இல்லை. நிறுவனத்தின் சம்பளப் பிரிவு இதைச் சில நேரம் முழுதாகப் பிடித்துவிடும், சில நேரம் பிடிக்கவே பிடிக்காது. எத்தனை வேலைநாள் எங்கே என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பங்கு கைக்கு வந்த பிறகு அதை விற்கும் லாபம் வேறு. அது நீங்கள் வசிக்கும் இடத்தோடு போகும்.

ஓய்வூதியத்தில் மட்டும் மாநிலங்களின் கை கட்டப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் கலிஃபோர்னியா, தன்னிடம் வேலை பார்த்துவிட்டு நெவாடாவில் போய் ஓய்ந்தவர்களின் பென்ஷனையும் விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்றவர்கள் போட்ட கூச்சலில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 1996 முதல், தன்னிடம் வசிக்காதவரின் ஓய்வூதியத்துக்கும் 401கே போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புகளுக்கும் எந்த மாநிலமும் வரி போட முடியாது. ஆகவே 401கே கணக்கை எடுத்து முடிக்க வேண்டியிருந்தால், கலிஃபோர்னியாவிலிருந்து உறுதியாக வெளியேறிய பிறகு எடுப்பது லாபம். இந்தியாவில் அதற்கு எப்படி வரி என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

தாயோ தந்தையோ காலமாகி, பிள்ளைக்குக் கல்லூரி வந்து, திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் மீண்டும் வாழ வந்து இறங்கும் நாளிலிருந்து உலக வருமானம் முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது. கோவையில் இருந்த ஆண்டுகளில் வாங்கிய இந்தியப் பங்குகள் நீங்கள் இங்கே இருந்தபோதே இரட்டிப்பாகியிருக்கலாம்; ஆனால் சன்னிவேல் திரும்பிய பிறகு விற்றால், வாங்கிய விலையிலிருந்து லாபம் முழுவதையும் கலிஃபோர்னியா கணக்கில் எடுக்கும். நீங்கள் அங்கே இல்லாத காலத்தில் வளர்ந்தது என்ற வாதம் எடுபடாது. விற்பதாக இருந்தால், இந்தியாவிலும் கூட்டாட்சிக் கணக்கிலும் அதற்கு என்ன வரி என்று பார்த்துக்கொண்டு, விமானம் ஏறுவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். போன வாரம் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். திரும்பிப் போகிறாயா என்று கேட்டதற்கு, “பார்க்கலாம் அண்ணா” என்றார்.